ஆர்.எம்., என்.ஐ., ஆர்.ஐ.: பிரிட்டன் கேர் ஹோமில் எந்தப் பொறுப்பை ஏற்பது?

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு லெஸ்டரிலிருந்து ஒரு தங்கை கூப்பிட்டாள். சில வருடங்களுக்கு முன் என்னோடு ஒரே கேர் ஹோமில் நர்ஸாக இருந்தவள், இப்போது டெபுடி மேனேஜர். குரலில் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே இருந்தன. “அக்கா, மூணு இடத்துலேர்ந்து கேக்குறாங்க. ஒரு ஹோம்ல ஆர்.எம். வேலை. இப்ப இருக்கிற கம்பெனியில, ‘என்.ஐ.ன்னு உங்க பேரைப் போட்டுக்கிறோம், ஒரு கையெழுத்துதான்’ங்கிறாங்க. வேல்ஸ்ல, நியூபோர்ட்ல தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டு ஹோம் நடத்துறார், ஆர்.ஐ.யா வரச் சொல்றார். எதுக்குப் போறது?”

ஒன்றரை மணி நேரம் பேசினோம். முதியோர் பராமரிப்பில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இப்போது டெபுடி நிலையைத் தாண்டி மேலே போகும் கட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்வி வரும் என்பதால் அன்று பேசியதை எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. இங்கிலாந்தில் ஆறு வருடம் ஆர்.எம். ஆக இருந்தவள், அவ்வளவுதான்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். ஆர்.எம். என்பது ரெஜிஸ்டர்ட் மேனேஜர். ஹோமை அன்றாடம் நடத்துபவர். என்.ஐ. என்பது நாமினேட்டட் இண்டிவிஜுவல். இங்கிலாந்தில் கம்பெனியாக இருந்து கேர் ஹோம் நடத்தினால், அந்த நிர்வாகத்தை மேலிருந்து கண்காணிக்க ஒருவரை நியமித்து, கண்காணிப்பு ஆணையமான சி.க்யூ.சி.க்குச் சொல்ல வேண்டும். அவர்தான் என்.ஐ. ஆர்.ஐ. என்பது ரெஸ்பான்சிபிள் இண்டிவிஜுவல். வேல்ஸில் ஏறக்குறைய அதே இடத்தில் இருப்பவர், ஆனால் சட்டம் அவரை வேறு விதமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மூன்றுமே ‘மேலதிகாரி’ என்று ஒலிக்கும். ஒரு பாட்டி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யாரிடம் என்ன கேட்பார்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

ஆர்.எம். வேலையை எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். 2008-ஆம் ஆண்டின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஆர்.எம். தன் சொந்தப் பெயரில் சி.க்யூ.சி.யில் பதிவு செய்ய வேண்டும். நல்ல நடத்தை, தகுதி, அனுபவம், உடல்நலம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், நேர்காணலும் உண்டு. பதிவு கிடைத்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் கம்பெனியும் நீங்களும் சேர்ந்தே ‘பதிவு பெற்றவர்’. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2014-ஆம் ஆண்டு விதிகளில் 12-ஆவது விதி பாதுகாப்பான பராமரிப்பைப் பற்றியது. அதை மீறியதால் தவிர்த்திருக்கக்கூடிய தீங்கு நேர்ந்தால், முன்னெச்சரிக்கை நோட்டீஸ் எதுவும் இல்லாமலே வழக்குப் போடலாம். அந்த வழக்கு கம்பெனி மீதும் வரும், ஆர்.எம். மீதும் வரும். 2015 ஏப்ரலிலிருந்து வழக்குத் தொடரும் அதிகாரம் சி.க்யூ.சி. கையில்தான் இருக்கிறது. அபராதத்துக்கு மேல் வரம்பு கிடையாது.

இத்தனை பொறுப்பும் உங்கள் பெயரில். பணப்பெட்டி மட்டும் பெரும்பாலும் வேறொருவர் கையில்.

நான் ஆர்.எம். ஆக இருந்த ஹோமில் 34 முதியவர்கள் இருந்தார்கள். இரவில் இரண்டு பேர் வேலை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டியவர்கள் ஒன்பது பேர், ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆள் தேவை. அதாவது அந்த இருவரும் ஓர் அறைக்குள் ஒருவரைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, மற்ற 33 பேருக்கும் ஆளே இல்லை. மூன்றாவது ஆள் வேண்டும் என்று உரிமையாளருக்கு மூன்று தடவை மின்னஞ்சல் அனுப்பினேன். ‘அடுத்த காலாண்டில் பார்ப்போம்’ என்று பதில் வந்தது. ஒரு பிப்ரவரி இரவு, அதிகாலை 3.40-க்கு, 12-ஆம் நம்பர் அறையிலிருந்த அம்மா அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறார். பிறகு தானே எழுந்து கழிப்பறைக்குப் போக முயன்று விழுந்துவிட்டார். மணி எப்போது அடித்தது, எப்போது அணைந்தது என்ற பதிவை மறுநாள் அச்செடுத்தேன். 17 நிமிடம்.

பலத்த காயம் என்பதால் சி.க்யூ.சி.க்கு அறிவிப்பு அனுப்பினேன். ஆய்வாளர் வந்தார். நான் மூன்று மின்னஞ்சல்களையும் தேதியோடு எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்: “மூன்றாவது மின்னஞ்சலுக்கும் பதில் சரியாக வரவில்லை என்றதும் நீங்கள் என்ன செய்தீர்கள்?” நான் செய்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது. அந்த இடைவெளியில் புதிதாக மூன்று பேரைச் சேர்த்தோம். அந்தச் சேர்க்கைப் படிவங்களில் என் கையெழுத்து இருக்கிறது. ‘ஆள் போடும்வரை சேர்க்கை இல்லை’ என்று நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

வழக்கு எதுவும் வரவில்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்றும் என்னோடு இருக்கிறது. சட்டம் ஆர்.எம்.முக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது: நியாயமான எல்லா நடவடிக்கையையும் எடுத்தேன், வேண்டிய கவனம் அத்தனையும் செலுத்தினேன் என்று நிரூபித்தால் அது எதிர்வாதம். அதில் ‘எல்லா’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மின்னஞ்சல் போட்டது ஒரு நடவடிக்கைதான். ஆகவே ஆர்.எம். வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தைப் பேசுவதற்கு முன்னால் இரண்டு அதிகாரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் குறைந்த அன்று யாரையும் கேட்காமல், தற்காலிக ஊழியர்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து ஆள் எடுக்கும் அதிகாரம் ஒன்று. சேர்க்கையை மறுக்கும் அதிகாரம் இன்னொன்று. இவை இல்லாத ஆர்.எம். வேலை, எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும், ஆபத்தான வேலை என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றில் மனசுக்கு நிறைவு தருவது ஆர்.எம். வேலைதான். காலையில் ஹோமுக்குள் நுழைந்ததும் யார் சாப்பிடவில்லை, யாருடைய மகள் நேற்று அழுதுவிட்டுப் போனாள் என்று தெரியும். நீங்கள் எடுக்கும் முடிவு மதியத்துக்குள் ஒருவருடைய தட்டில் தெரியும். சட்டப்படியும் ஒரு நல்லது உண்டு. பதிவு உங்கள் பெயரில் இருப்பதால், அதை ரத்து செய்வதாக சி.க்யூ.சி. சொன்னால் அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமையும் உங்களுக்குத்தான்.

என்.ஐ. பொறுப்பு இதற்கு நேர்மாறு. வெளியிலிருந்து பார்த்தால் எளிது. சி.க்யூ.சி. என்.ஐ.யைத் தனியாகப் பதிவு செய்வதில்லை. அவர் தகுதியானவர்தானா என்று உறுதி செய்வது கம்பெனியின் கடமை. ஆள் மாறினால் ஓர் அறிவிப்பு போதும். அதனால்தான் ‘ஒரு கையெழுத்துதான்’ என்று சொல்ல முடிகிறது.

அதே 2014 விதிகளில் 6-ஆவது விதியைப் படித்தால் அந்தக் கையெழுத்தின் கனம் தெரியும். என்.ஐ. அந்தக் கம்பெனியில் டைரக்டராகவோ மேனேஜராகவோ செக்ரட்டரியாகவோ பணியில் இருக்க வேண்டும். பராமரிப்பு நடத்தப்படும் விதத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவருடையது. மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் கொடுக்கும் கன்சல்டன்டுக்கு இதில் இடமில்லை. 2008 சட்டத்தின் 91-ஆவது பிரிவு இன்னும் நேராகவே பேசுகிறது. கம்பெனி செய்த குற்றம் டைரக்டர், மேனேஜர், செக்ரட்டரி போன்ற ஒருவரின் சம்மதத்தோடோ, கண்டும் காணாமல் விட்டதாலோ, அலட்சியத்தாலோ நடந்தது என்று நிரூபணமானால், அவரும் குற்றவாளி. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் என்.ஐ., மேற்பார்வை செய்யவில்லை என்று தானே ஒப்புக்கொள்கிறார்.

நம் தங்கையின் கம்பெனி அவளை என்.ஐ. ஆக்கப் பார்ப்பது ஏன் என்று யோசித்தோம். அங்கே இரண்டு டைரக்டர்கள், இருவருக்கும் பராமரிப்பு அனுபவம் இல்லை. ஆய்வாளர் வரும்போது பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். அது நியாயமான காரணம்தான். ஆனால் அவளுக்கு நிர்வாகக் கூட்டத்தில் இடம் உண்டா, வரவு செலவுக் கணக்கைக் காட்டுவார்களா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் அவங்க ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க அக்கா” என்றாள். இன்னொரு சிக்கலும் இருந்தது. டெபுடி மேனேஜராக அவள் அந்த ஹோமின் ஆர்.எம்.முக்குக் கீழே வேலை பார்க்கிறாள். என்.ஐ. ஆனால் அதே ஆர்.எம்.மை மேற்பார்வை செய்ய வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை தனக்கு விடுப்பு அனுமதிக்கிறவரை, மாதக் கடைசியில் எப்படிக் கேள்வி கேட்பாள்?

குடும்பமாக ஒரு சிறிய ஹோம் நடத்துபவர்களுக்கு என்.ஐ. கணக்கு வேறு. கணவர் என்.ஐ., மனைவி ஆர்.எம். என்று இருப்பதை நம்மவர்களிடையே பார்த்திருக்கிறேன். ஒருவரே இரண்டுமாக இருக்கவும் இங்கிலாந்தில் இடம் உண்டு. காசும் பொறுப்பும் ஒரே வீட்டுக்குள் இருப்பதால் முடிவு வேகமாக வரும். குறை என்னவென்றால், யாரும் யாரையும் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு மருந்துப் பதிவேட்டையும் இரவுப் பணிப் பட்டியலையும் காட்டுவது நல்லது.

இனி வேல்ஸ். அங்கே சட்டம் ஏன் இப்படி வந்தது என்பதற்கு ஒரு துயரமான கதை இருக்கிறது. தெற்கு வேல்ஸின் கேர் ஹோம்களில் முதியவர்கள் கைவிடப்பட்டது குறித்து குவென்ட் போலீஸ் 2005-இல் ‘ஆபரேஷன் ஜாஸ்மின்’ என்ற விசாரணையைத் தொடங்கியது. 63 மரணங்களை ஆராய்ந்தார்கள், பல ஆண்டுகள் ஓடின. முக்கிய வழக்கு விசாரணைக்கு வராமலே நின்றது. ஹோம்களுக்குச் சொந்தக்காரராக இருந்து பணத்தை முடிவு செய்தவர்களை, அங்கே நடந்ததற்குச் சட்டப்படி பொறுப்பாக்க முடியவில்லை. வேல்ஸ் அரசு கேட்டுக்கொண்டபடி மார்கரெட் ஃப்ளின் இதை ஆராய்ந்து 2015-இல் அறிக்கை தந்தார். இங்கிலாந்தில் விண்டர்போர்ன் வியூ மருத்துவமனைக் கொடுமைகளை ஆராய்ந்தவரும் அவரே. அங்கும் 2011-இல் பி.பி.சி. ரகசியக் கேமராவில் படம் பிடித்த பின் 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறை போனார்கள். மேலே இருந்த டைரக்டர்கள் யாரும் நீதிமன்றம் ஏறவில்லை. அடித்த கைகளுக்குத் தண்டனை கிடைத்தது சரி. அந்தக் கைகளை அங்கே மேற்பார்வை இல்லாமல் விட்டவர்கள் தப்பிவிட்டார்கள் என்ற ஆத்திரம் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். எனக்கு இன்றும் அந்த ஆத்திரம் உண்டு.

வேல்ஸ் 2016-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2018 ஏப்ரலிலிருந்து கேர் ஹோம்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு சேவைக்கும் ஓர் ஆர்.ஐ. உண்டு. கம்பெனியாக இருந்தால் அவர் டைரக்டராகவோ அதற்கு இணையான நிலையிலோ இருக்க வேண்டும். வேல்ஸ் கண்காணிப்பு அமைப்பான சி.ஐ.டபிள்யூ. அவருடைய தகுதியை நேரடியாகப் பார்க்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு ஹோமுக்கும் அவர் நேரில் போய், அங்கே இருப்பவர்களையும் ஊழியர்களையும் சந்திக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பராமரிப்பின் தரத்தை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். சில கடமைகளைத் தவறவிட்டால் வழக்கு அவர் மீதே வரும். ஹோமின் மேனேஜர் பொதுவாக வேறொருவராக இருக்க வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர. அந்த மேனேஜர் சோஷியல் கேர் வேல்ஸ் அமைப்பில் தொழில்முறைப் பதிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் கேர் ஹோம் மேனேஜர்களுக்கு அப்படியொரு தொழில்முறைப் பதிவேடு இல்லை.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சிறிய விதி. ஹோமை நடத்தப் போதுமான வளம் இருக்கிறதா என்று ஆர்.ஐ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘காசு போதவில்லை’ என்று எழுதுவது வேல்ஸில் அவருடைய கடமை. அதையே இங்கிலாந்தில் நான் மின்னஞ்சலில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கார்டிஃப் பக்கம் என் தோழி ஒருத்தி ஆர்.ஐ. ஆக இருக்கிறாள். ஒருமுறை காலை ஆறு மணிக்கே, சொல்லாமல் போயிருக்கிறாள். கூடத்தில் 11 பேர் குளித்து, உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். தலைகள் மார்பில் சாய்ந்திருந்தன, டீ இன்னும் வரவில்லை. பகல் ஷிஃப்டில் ஆள் போதாது என்பதால் இரவு ஊழியர்கள் நாலரை மணியிலிருந்தே எழுப்பித் தயார் செய்வார்களாம். ஊழியர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. பகலில் வருபவர்களுக்கு உதவுகிறோம் என்றே நினைத்திருக்கிறார்கள். தோழி அந்த 11 பேரில் பேச முடிந்தவர்களிடம் எத்தனை மணிக்கு எழ விருப்பம் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினாள். எட்டு மணி என்றார் ஒருவர், “என் மனைவி இருந்தபோது ஒன்பது” என்றார் இன்னொருவர். அதை வருகை அறிக்கையில் சேர்த்தாள். வள அறிக்கையில் காலை 7 முதல் 11 வரை ஒரு கூடுதல் ஆள் என்று கேட்டாள். டைரக்டர்கள் கூட்டத்தில் அவளும் ஒரு டைரக்டராக உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதமே ஆள் வந்தது.

இந்த வேலைக்கு ஒரு விலையும் உண்டு. டைரக்டர் ஆனால் கம்பெனியின் கடன், கணக்கு எல்லாவற்றுக்கும் சட்டக் கடமைகள் வரும். வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கேட்டால் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அப்புறம் ஹோமில் தினமும் இருக்க முடியாது. உங்கள் கண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அங்கே இருந்தால், இடைப்பட்ட நாட்களை அறிக்கைகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். தோழி மாதம் இரண்டு தடவை போகிறாள், சட்டம் கேட்பதைவிடப் பல மடங்கு.

குழந்தைகள் இல்லங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்தில் அவை ஆஃப்ஸ்டெட் என்ற வேறொரு கண்காணிப்பு அமைப்பின் கீழ் வருகின்றன, அங்கேயும் ஆர்.ஐ. என்ற பெயர் உண்டு, ஆனால் வேல்ஸ் ஆர்.ஐ.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாதம் ஒருமுறை சுயேச்சையான ஒருவர் இல்லத்துக்கு வந்து பார்த்து அறிக்கை தருவார். மேனேஜராக, கடந்த ஐந்து வருடத்தில் குழந்தைகள் இல்லப் பராமரிப்பு சார்ந்த இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். முதியோர் ஹோம் அனுபவத்தை மட்டும் வைத்து அங்கே தாவ முடியாது.

விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தத் தங்கைக்கு நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டது, அதனால் அவள் தைரியமாகப் பேரம் பேசலாம். வேலை கொடுப்பவரின் ஸ்பான்சர்ஷிப்பில், அதாவது அவரை நம்பிய விசாவில், இருப்பவர் நிலை வேறு. வேலை போனால் வழக்கமாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர்களை எடுப்பதும் நின்றுவிட்டது. அந்த நிலையில் ஆர்.எம். ஆகப் பதிவு செய்தால், உங்கள் விசா உரிமையாளர் கையில், ஹோமின் சட்டப் பொறுப்பு உங்கள் தலையில். ‘சேர்க்கையை நிறுத்துகிறேன்’ என்று அவரிடம் சொல்ல உங்களால் முடியுமா? முடியாது என்றால் டெபுடியாகவே இன்னும் சில காலம் இருங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

தங்கையிடம் நான் சொன்ன முடிவு இது. என்.ஐ. வேண்டாம், இப்போது அவர்கள் தரும் விதத்தில் வேண்டவே வேண்டாம். ஆர்.ஐ. நல்ல வேலை, ஆனால் ஆர்.எம். ஆக இரண்டு குளிர்காலமாவது தாண்டியபின். ஒரு ஹோமை ஒருமுறையாவது தானே நடத்தாதவருக்கு, காலை ஆறு மணிக்குக் கூடத்தில் 11 பேர் உடுத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ‘எவ்வளவு சுறுசுறுப்பு’ என்றுதான் தோன்றும். நியூபோர்ட்காரர் நல்லவராக இருக்கலாம், இரண்டு வருடம் கழித்தும் அவர் நல்லவராகவே இருப்பார். ஆக, ஆர்.எம். வேலை. அதுவும் கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகு.

கேட்கச் சொன்னவை: கடந்த நான்கு வாரத்தின் இரவுப் பணிப் பட்டியல், எழுதிவைத்தபடி இல்லை, உண்மையில் வேலை பார்த்தபடி. அழைப்பு மணிப் பதிவின் ஒரு வார அச்சு. கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை மேனேஜர்கள் வந்து போனார்கள், ஏன். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனிஸ் ஹவுஸின் தளத்தில் அவர்களுடைய கணக்கு இலவசமாகக் கிடைக்கும், அதைப் பார்ப்பது அவள் வேலை. கம்பெனியின் காப்பீடு ஆர்.எம்.மின் வழக்குச் செலவை ஏற்குமா என்பதற்கு எழுத்தில் பதில். இரவு எட்டு மணிக்குமேல் ஒருமுறை ஹோமைச் சுற்றிப் பார்க்க அனுமதி.

பலர் மறந்துவிடும் ஒன்றையும் சொன்னேன். ஆர்.எம். வேலையை விட்டால் பதிவு தானாகப் போகாது. ராஜினாமாக் கடிதம் கம்பெனிக்கு மட்டும்தான். பதிவை ரத்து செய்யச் சொல்லி சி.க்யூ.சி.க்கு நாமே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நான் விண்ணப்பிக்க ஆறு வாரம் தாமதித்தேன். அந்த ஆறு வாரமும், நான் கால் வைக்காத ஒரு ஹோமில், மேனேஜர் என்று என் பெயரே இருந்தது.

வியாழக்கிழமை அவள் மறுபடி கூப்பிட்டாள். சம்பள விவரத்தையும் கார் அலவன்ஸையும் அன்றே அனுப்பிவிட்டார்களாம். சேர்க்கையை மறுக்கும் அதிகாரத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கவும் சம்மதித்துவிட்டார்கள். இரவுப் பணிப் பட்டியல் மட்டும் இன்னும் வரவில்லை. “அது வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடலை அக்கா” என்றாள்.